கொடைக்கானல் பாதரசம்: அந்தப் பதிவேடு யார் கையில் இருந்தது?

2001 மார்ச் மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊர்க் காயலான் கடையிலும் கிடக்கிற கண்ணாடிச் சில்லுதான். கிட்டப் போனால் விரல் நீளத்துக்கு மெல்லிய குழாய்கள், நுனியில் ஒரு குமிழ். பாதரசத்தோடு உடைந்த காய்ச்சல்மானிகள் அவை. நெரிசலான அந்தக் கடைத்தெரு வழியாக ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

கண்ணாடி வந்தது சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து. நடத்தியது இந்துஸ்தான் லீவர் நிறுவனம், இன்றைய பெயரில் இந்துஸ்தான் யூனிலீவர். ஊர்க்காரர்களும் முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் சேர்ந்து விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு 5 டன்னுக்கு மேல் காயலான் கடைக்குப் போயிருந்ததை, தன் சொந்த விதிமுறைக்கே மாறாகப் போனதை, நிறுவனமும் ஒப்புக்கொண்டது. அந்த மாதமே உற்பத்தி நின்றது. அப்புறம் அந்த ஆலை திறக்கவே இல்லை.

இதைப் பெரும்பாலும் சுற்றுச்சூழல் வழக்காகவே பேசுகிறோம். ஏரி, சோலைக்காடு, மண், மீன். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் நான் தொழிற்சாலைகளில் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறவன். காயலான் கடையில் கண்ணாடி கிடந்தது என்று கேட்டால் எனக்கு முதலில் எழுகிற கேள்வி, அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியை யார் கையால் அள்ளினார்கள் என்பதுதான். உள்ளே 18 ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. அந்த 18 ஆண்டுகளில் ஒவ்வொரு தொழிலாளி உடம்பிலும் எவ்வளவு பாதரசம் ஏறியது? இதற்கு நம்பகமான பதில் தொழிலாளி கையில் இல்லாததால், ஆலை மூடியபிறகு இன்னும் 15 ஆண்டுகள் வழக்கிலும் குழுக்களிலும் கழிந்தன. இந்த ஆய்வில் நான் பின்தொடர்வது அந்த ஒரு இழையைத்தான்: உடம்பில் ஏறிய அளவை எழுதிய பதிவேடு யார் கையில் இருந்தது என்பதை.

வாட்டர்டவுனிலிருந்து வந்த ஆலை

ஆலை முதலில் கொடைக்கானலில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில், செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அதை மூடி, இயந்திரங்களைக் கொண்டுவந்து 1983-84இல் கொடைக்கானலில் அமைத்தார்கள். 1987இல் செஸ்ப்ரோ-பாண்ட்ஸை உலக அளவில் யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போனது.

அன்றைய கொடைக்கானலை நினைத்துப் பார்க்க வேண்டும். சீசன் இருந்தால் விடுதி வேலை, குதிரை, கடை. சீசன் இல்லையென்றால் தோட்டக்கூலி. அப்படிப்பட்ட மலையூரில் மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற ஒரு கம்பெனி. பையனுக்கு அங்கே வேலை கிடைத்தால் பெற்றவர்களுக்கு நிம்மதிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஆபத்து என்று தெரிந்தும் ஏன் போனார்கள்" என்று பயிற்சி வகுப்புகளில் மேலாளர்கள் சிலர் கேட்பதுண்டு. முதலில், ஆபத்து என்று அவர்களுக்கு யார் சொன்னது?

பாதரசம் நமக்குப் பழகிய பொருள். காய்ச்சல்மானி உடைந்தால் உள்ளே இருந்த வெள்ளி உருண்டையைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உள்ளங்கையில் உருட்டி விளையாடிய தலைமுறை என்னுடையது. ரசமணி கட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். போகர் நவபாஷாணத்தில் முருகன் சிலை செய்தார் என்று நாம் சொல்கிற பழனி, இதே மலைத்தொடரின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் சுடாது, அரிக்காது, நாறாது. அமிலம் என்றால் தோல் உடனே சொல்லிவிடும். அமோனியா என்றால் மூக்கு சொல்லும். பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கருவி வைத்து அளந்தால்தான் அது காற்றில் இருப்பதே தெரியும். கருவியை வாங்கி வைக்கிற வசதியும் கடமையும் ஆலையை நடத்துகிறவருக்குத்தான். தொழிலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூச்சை இழுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு துளியின் கணக்கு

வகுப்பில் நான் இதை எப்போதும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். இங்கேயும் போட்டுவிடுகிறேன்.

ஒரு காய்ச்சல்மானிக்குள் ஏறக்குறைய அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். உருட்டினால் 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு மணி, பெரிய மிளகு அளவு. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இந்திய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வேலைத்தலக் காற்றில் பாதரச ஆவி ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. அந்த அரை கிராம் முழுதும் ஆவியானால் 10,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்பு வரை கொண்டுபோய்விடும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள கூடம் ஒன்றில் 300 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். அப்படி 33 கூடங்களுக்கு ஒரே ஒரு தெர்மாமீட்டர் போதும்.

"ஆனால் முழுதும் ஆவியாகாதே சார்" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. தரையில் கிடக்கிற மணி மெதுவாகத்தான் ஆவியாகும். இப்போது ஒருவர் துடைப்பத்தை எடுத்துப் பெருக்குகிறார். பாதரசத்தைப் பெருக்கினால் குவியாது, உடையும். அந்த ஒரு மணி 0.1 மில்லிமீட்டர் துளிகளாகச் சிதறினால் 64,000 துளிகள். மொத்த எடை அதேதான், காற்றுபடும் பரப்பு மட்டும் 40 மடங்கு ஆகிவிடுகிறது. ஆவியாவதும் அந்த அளவுக்கு வேகம் பிடிக்கும். துளிகள் கண்ணுக்குத் தெரியாது, தரையின் வெடிப்புக்குள்ளும் மேஜையின் மரக் கணுவுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், நாள் கணக்கில், மாதக் கணக்கில் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாதரசம் கையாளும் இடத்தில் துடைப்பம் கூடாது, சாதாரண வேக்குவம் கிளீனரும் கூடாது. தரை வெடிப்பில்லாமல், வழவழப்பாக, ஒரு பக்கம் சரிந்து, தண்ணீர் நிற்கும் ஒரு கால்வாயில் முடிய வேண்டும். விழுந்த துளி தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் காற்றுக்கு வராது.

குளிரூர் என்பதால் ஆபத்து குறைவு என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். குளிரில் ஆவி குறையும், உண்மைதான். ஆனால் 10 டிகிரி குளிரில்கூட பாதரசம் திறந்து கிடக்கும் மூடிய அறையில் ஆவி ஏறக்கூடிய உச்ச அளவு, சட்ட வரம்பைப்போல 100 மடங்குக்கும் மேல். குளிரூரில் இன்னொன்றும் உண்டு. யாரும் ஜன்னலைத் திறந்து வைக்க மாட்டார்கள்.

தெர்மாமீட்டர் செய்வதில் பாதரசம் காற்றைத் தொடுகிற இடங்கள் நிறைய. குழாயில் நிரப்பும்போது சிந்தும். சூடேற்றிச் சரிபார்க்கும்போது உடைந்தால் சூட்டோடு சூடாக ஆவியாகும். தேறாத குழாய்களை உடைத்து ஒதுக்குவார்கள், அந்தக் கண்ணாடிக் கழிவைக் கையாளுகிறவர்தான் பெரும்பாலும் ஆலையிலேயே குறைந்த சம்பளக்காரராக இருப்பார். பாதரசத்தைச் சுத்திகரித்து மறுபடி எடுக்கிற வேலை அதைவிட மோசம். பொது அறைக்கு ஒரு மின்விசிறி மாட்டிவிட்டால் இதற்கெல்லாம் தீர்வு கிடைக்காது. ஆவி கிளம்புகிற அந்தந்த இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு வேண்டும், அது வேலை செய்கிறதா என்று தொழிலாளியின் சட்டைக் காலரில் கருவி மாட்டி ஷிப்ட் முழுக்க அளக்க வேண்டும். அறையின் மூலையில் வைத்து எடுக்கும் அளவு அவர் மூக்குக்குப் போவதைக் காட்டாது.

வேலை உடுப்பு

ஆலைக்குள் நிலைமை எப்படி இருந்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் இரண்டு கதை. முன்னாள் தொழிலாளர்கள் சொன்னது: போதுமான பாதுகாப்பு உபகரணம் இல்லை, சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினோம், பாதரசத்தின் ஆபத்தை யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. நிறுவனம் சொன்னது: பாதுகாப்பு நடைமுறைகள் இருந்தன, தொழிலாளர்களின் சிறுநீரைத் தொடர்ந்து பரிசோதித்தோம், பாதரசத்தால் யாருக்கும் நோய் வரவில்லை.

நான் நீதிபதி இல்லை. ஆனால் இதுபோன்ற வேலைகளைப் பார்த்தவன் என்ற முறையில் ஒரே ஒரு பொருளைக் காட்டுகிறேன்: சட்டை.

பாதரசத் துளி துணியின் இழைக்குள் சுலபமாகத் தங்கும். அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வாசலில் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், அதே அறையில் எல்லோரும் படுப்பார்கள். கொடைக்கானல் வீட்டில் இரவில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், கணப்பு எரியும். மறுநாள் அம்மாவோ மனைவியோ மற்ற துணிகளோடு சேர்த்து அதை ஊறவைப்பார்கள். ஆலைக்குள் ஒரு நாளும் கால் வைக்காதவர்களும் இப்படித்தான் பாதரசத்தோடு வாழ நேர்கிறது. வேலை உடுப்பும் வீட்டு உடுப்பும் தனித்தனி அலமாரியில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே குளியலறை இருக்க வேண்டும், வேலை உடுப்பை ஆலையே துவைக்க வேண்டும், அது வாசலைத் தாண்டவே கூடாது. பாதரசத்துக்கு, ஈயத்துக்கு, கல்நாருக்கு, மூன்றுக்கும் இது பாலபாடம். இன்றைக்கும் ஒரு ஆலைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது முகக்கவசத்தை இல்லை. உடுப்பு மாற்றும் அறை எங்கே, துணி துவைப்பது யார் என்றுதான் கேட்பேன்.

உடம்பு விட்டுவிடுகிறது

விழுங்கிய பாதரச உருண்டை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மூச்சில் போகிற ஆவியில் 80 சதவீதம் அளவுக்கு நுரையீரல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது, கர்ப்பிணியாக இருந்தால் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது, சிறுநீரகத்தில் சேர்கிறது. கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, தூக்கமின்மை, சட்டென்று கோபம், காரணமில்லாத கூச்சம், சிறுநீரகக் கோளாறு. பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். இதில் எது ஒன்றைச் சொல்லிக்கொண்டு ஊர் மருத்துவரிடம் போனாலும் "சர்க்கரை இருக்கா, தண்ணி பழக்கம் உண்டா, வயசு என்ன" என்றுதான் கேள்வி வரும். "எங்கே வேலை பார்க்கிறீங்க" என்று கேட்கிற மருத்துவர் அபூர்வம். சொன்னாலும், அவர் கையில் அளவு எதுவும் இருக்காது.

அளவு இருந்த காலம் ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போது சிறுநீரில் பாதரசம் தெரியும். அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர்கள் எச்சரிக்கை அளவாக ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் ஒரு பொருள், அதை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள்) 35 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தார்கள், பிறகு அதை 20 ஆகக் குறைத்தார்கள். வேலையை விட்டபிறகு உடம்பு அதை வெளியேற்றத் தொடங்கும். ஏறக்குறைய 2 மாதத்தில் பாதியாகும். ஒரு வருடத்தில் 64இல் ஒரு பங்கு. இரண்டு வருடம் கழித்துப் பரிசோதித்தால் ஆலைப் பக்கமே போகாத மனிதரின் சிறுநீரும் இவருடையதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சிறுநீரகத்திலும் நரம்பிலும் அது செய்துவிட்டுப் போன சேதம் மட்டும் இருக்கும், செய்தது யார் என்ற தடயம் இருக்காது.

கத்தியால் வெட்டுப்பட்டால் தழும்பு சாட்சி சொல்லும். இயந்திரத்தில் விரல் போனால் யாரும் "உனக்கு விரலே இருந்ததில்லை" என்று சொல்ல முடியாது. பாதரசம் அப்படியில்லை. வேலையில் இருந்த நாட்களில் எடுத்த அளவு ஒன்றுதான் சாட்சி. அந்த அளவை எடுத்ததும், எழுதியதும், பெட்டியில் பூட்டி வைத்ததும் ஆலை நிர்வாகம்.

குழு மேல் குழு

ஆலை மூடிய பிறகு முன்னாள் தொழிலாளர்கள் ஒரு நலச் சங்கம் அமைத்தார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். கேட்டது எளிது: எங்களை முறையாகப் பரிசோதியுங்கள், சிகிச்சைக்கு வழி செய்யுங்கள், இழப்பீடு வாங்கிக் கொடுங்கள். நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. தொழிலாளர்களின் நோய்களுக்கும் அவர்கள் பார்த்த வேலைக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பது அதன் முடிவு.

பின்னர் மத்திய தொழிலாளர் நல அமைச்சகம் ஆய்வு செய்தது. 2011இல் அது நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை நேர் எதிர்த் திசையில் போனது. தொழிலாளர்கள் மட்டுமல்லாமல் அவர்களுடைய பிள்ளைகளும் பாதரசத்தால் பாதிக்கப்பட்டார்கள் என்றது அது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. பல மருத்துவ நிறுவனங்களின் ஆய்வுகள் தன் பக்கம் இருப்பதாகச் சொன்னது.

ஒரே ஆட்கள், ஒரே ஆலை, ஒரே நோய்கள். எப்படி இரண்டு முடிவு? யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று தாண்டிப் போய்விடலாம். எனக்கு அது போதாது. "போதிய சான்று இல்லை" என்ற சொற்றொடரை நான் பல தொழில்நோய் வழக்குகளில் பார்த்திருக்கிறேன். அதற்கு "பாதிப்பு இல்லை" என்று பொருள் கொள்கிறவர்கள் அதிகம். இரண்டும் வேறு வேறு. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சிறுநீரகம் எப்படி இருந்தது? சேர்ந்தபின் ஒவ்வொரு ஆண்டும் சிறுநீரில் அளவு என்ன? எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு? அந்தப் பிரிவில் காற்றில் எவ்வளவு? இந்த நான்கும் வரிசையாகக் கையில் இருந்தால் எந்த நிபுணரும் ஒரு முடிவுக்கு வரலாம். இல்லையென்றால், 5 ஆண்டு கழித்து எதிரில் உட்கார்ந்திருக்கிற நடுங்கும் கையை மட்டும் வைத்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சந்தேகத்தின் பலன் அப்போது யாருக்குப் போகிறது? பதிவேட்டை வைத்திருந்தவருக்கு. வைத்திருக்க வேண்டிய கடமையில் தவறினாலும் அவருக்கே. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. கொடைக்கானல் ஆலை அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். அதில் 41சி என்ற பிரிவு, நச்சுப் பொருள் கையாளும் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாகப் பராமரிக்க வேண்டும், அதைத் தொழிலாளி பார்க்க வழி இருக்க வேண்டும் என்றது. வேலையில் அமர்த்தும் முன் பரிசோதனை, வேலையில் இருக்கும்போது 12 மாதத்துக்கு மிகாமல் பரிசோதனை, அந்த வேலையை விட்டபிறகும் பரிசோதனை. விட்டபிறகும் என்பதைக் கவனியுங்கள். தொழில்நோய் பணி ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்து வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களில் பாதரச நஞ்சும் இருந்தது. தெரிவிக்க வேண்டியவர்களில் மருத்துவரும் ஒருவர். "எங்கே வேலை பார்க்கிறீங்க" என்று கேட்காத மருத்துவர் எதைத் தெரிவிப்பார்?

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அபாயகரமான தொழில் என்ற பட்டியலில் ஒரு தொழிலின் பெயர் இருக்கிறதா இல்லையா என்ற வாதத்துக்கே இடம் கொடுக்கக் கூடாது. பாதரசம், ஈயம், குரோமியம், சிலிக்கா தூசி இவற்றில் எதைத் தொட்டாலும் அந்தத் தொழிலாளிக்கு 41சி சொன்னது முழுதும் கிடைக்க வேண்டும். "பார்க்க வழி" என்பதும் போதாது. ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் எண்ணோடு ஒரு நகல் அவர் கையில் போய்ச் சேர வேண்டும்.

கப்பலேறிய 290 டன்

இதற்கிடையில் ஆலைக்குள் இருந்த கழிவு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் பாதரசம் கலந்த கண்ணாடி, பாதி முடிந்த தெர்மாமீட்டர்கள், சுத்திகரிப்பு நிலையக் கசடு என்று 290 டன்னைக் கவனமாகக் கட்டி, தூத்துக்குடி துறைமுகம் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் பெத்லஹேம் அப்பரேட்டஸ் நிறுவனத்துக்கு மறுசுழற்சிக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் தொழிற்சாலைக் கழிவு இப்படி, ஆலை வந்த நாட்டுக்கே, போனது அரிதிலும் அரிது. மக்களின் விடாப்பிடி இல்லாமல் அது நடந்திருக்காது.

மண் போகவில்லை. ஆலை பாம்பார் சோலைக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. ஐதராபாத்தில் அணுசக்தித் துறையின் ஆய்வு மையம் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டது, ஆய்வு 2006இல் வெளியானது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் பெரிய சண்டை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அதிகாரிகள் ஏற்ற அளவு, 1 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இயக்கத்தினர் கேட்டது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: மண்ணை எத்தனை ஆண்டு கழித்தும் தோண்டி அளக்கலாம். மண்ணுக்கு இருந்த இந்த வசதி தொழிலாளிக்கு இல்லை.

2015 ஜூலையில் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரப் பாடிய ஒரு ராப் பாடல் இணையத்தில் பரவி லட்சக்கணக்கானோரை எட்டியது. அதுவரை கொடைக்கானலைத் தேனிலவு ஊராக மட்டும் அறிந்திருந்த இளைஞர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது, உயர் நீதிமன்றம் அதைப் பதிவு செய்துகொண்டது. தொகை வெளியிடப்படவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருவதாக நிறுவனம் சொன்னது. 10 ஆண்டு வழக்கு நடத்தி, பணம் வாங்கிய அந்தக் குடும்பங்களை யாரும் குறை சொல்ல முடியாது. மருந்துக் கடைக் கடன் தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது. ஆனால் உடன்பாட்டில் முடிந்ததால், யார் உடம்பில் எவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் எழுதவில்லை.

பாதரச ஒழிப்புக்கான மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் ஏற்றது. பாதரசக் காய்ச்சல்மானிக்கு அந்த ஒப்பந்தம் வைத்த கெடு 2020. இப்போது மருந்துக் கடையில் பெரும்பாலும் டிஜிட்டல்தான் கிடைக்கிறது. சரி, தெர்மாமீட்டர் போய்விட்டது. ஆனால் நகைப் பட்டறையில் பொன்துகள் பிரிக்கப் பாதரசம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி உடைக்கிற கொட்டகைகள் இருக்கின்றன, தோல் பதனிடும் தொட்டிகள் இருக்கின்றன, கல் அறுக்கிற இயந்திரங்கள் இருக்கின்றன. பொருள்தான் வேறு.

அந்தத் தாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்பேட்டையில் ஈய பேட்டரி வேலை செய்கிறவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். முப்பது பேர் இருப்பார்கள். கொடைக்கானல் கதையைச் சொல்லிவிட்டு, "உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு யார் கையில் இருக்கிறது" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. முன்வரிசையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார்.

"ரத்தம் எடுக்கிறாங்க சார். எல்லாருக்கும் நார்மல்னு சொல்லிட்டாங்க."

"நம்பர் என்னன்னு சொன்னாங்களா அண்ணே?"

"நம்பரெல்லாம் ஆபீஸ்ல இருக்குமுங்க."

நார்மல் என்பது ஒரு சொல். சொல்லை வைத்து அடுத்த வருடத்தோடு ஒப்பிட முடியாது, நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. எண்ணைக் கேட்டு வாங்குங்கள், தேதி போட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாங்குவார்கள் என்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் அந்த அறையில் எல்லோர் முகத்திலும் இருந்தது, அந்தப் பயம் தப்பும் இல்லை.

அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போனேன். டீ இடைவேளையில் அந்த அண்ணன் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ரேஷன் கார்டு, அதற்குப் பின்னால் நான்காக மடித்த தாள். மடிப்பு விழுந்த இடம் ஏற்கெனவே நைந்திருந்தது. ஆய்வகத்தின் தாள் இல்லை. மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கேட்டு, அவர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பால்பாயின்ட் பேனாவால் இவரே எழுதிக்கொண்டது. மூன்று ஆண்டு, மூன்று தேதி, மூன்று எண்.

"இது முந்தின வருசம், இது போன வருசம், இது இப்ப எடுத்தது" என்று விரலை வைத்துக் காட்டினார். "ஏறியிருக்குல்ல சார்?"

ஏறித்தான் இருந்தது. எந்தப் பிரிவில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தட்டு உருக்குகிற இடம் என்றார். தாளை மறுபடி நான்காக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு, "பிரிவு மாத்திக் கேக்கலாம்னு இருக்கேன், இதைக் காட்டியே கேக்கலாமா?" என்றார். இருவரும் மேலாளர் அறைப் பக்கம் நடந்தோம்.